உஷார்! அந்த ஒரு வரியை அழித்துவிடாதீர்கள்

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலோ, மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளிலோ கடைசி ஆண்டு புராஜெக்ட் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! ஊர்க் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் நண்பர்களே! பேஸ் கிளாஸிலிருந்து வந்த ஈவென்ட் மெத்தடை ஓவர்ரைடு செய்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்.

கீரமங்கலத்தில் ஒரு பூக் கமிஷன் கடை என்று வைத்துக்கொள்வோம். பில்லிங் சி ஷார்ப்பில் எழுதியது. ராத்திரி ஃபார்மை மூடும்போது அன்றைய கணக்கு பேக்கப் ஆக வேண்டும். அதற்கென்று முன்பு வேலை பார்த்தவர் ஃபார்ம்குளோசிங் ஈவென்ட்டில் ஒரு ஹேண்ட்லரை இணைத்து வைத்திருக்கிறார். இப்போது முதலாளி, "மூடலாமான்னு ஒரு தடவை கேட்கணும்ப்பா" என்கிறார். நீங்கள் ஆன்ஃபார்ம்குளோசிங் மெத்தடை ஓவர்ரைடு செய்கிறீர்கள். விஷுவல் ஸ்டுடியோ தானாகவே பேஸ் மெத்தடைக் கூப்பிடும் வரியைப் போட்டுத் தருகிறது. இது எதற்கு என்று அதை அழித்துவிடுகிறீர்கள்.

போச்சு! ஈவென்ட்டைக் கிளப்புவதே அந்த பேஸ் மெத்தட்தான். அதைக் கூப்பிடாவிட்டால் இணைத்து வைத்த ஹேண்ட்லர் ஒன்றுகூட ஓடாது. கம்பைலர் எச்சரிக்காது, எர்ரர் வராது. நீங்கள் கேட்ட கேள்விப் பெட்டி மட்டும் ஒழுங்காகத் திறக்கும். அன்றிலிருந்து பேக்கப் நின்றுபோயிருக்கும். ஹார்ட் டிஸ்க் போகிற நாளில்தான் கடைக்காரருக்கு அது தெரியவரும். பூ கொண்டுவந்து போட்ட விவசாயிகளுக்குச் சேர வேண்டிய பாக்கியும் அந்தக் கணக்கில்தானே இருக்கிறது!

ஆண்ட்ராய்டில் ஆன்கிரியேட்டை ஓவர்ரைடு செய்து சூப்பரைக் கூப்பிடாவிட்டால், சூப்பர்நாட்கால்டு எக்ஸப்ஷன் வந்து ஆப் அங்கேயே விழுந்துவிடும். அது எவ்வளவோ மேல், தப்பு உடனே கண்ணில் படுகிறது. ஆனால் அதே ஆண்ட்ராய்டில் பட்டனின் ஆன்டச்ஈவென்ட்டில் சூப்பரை விட்டால் சத்தமே இல்லாமல் கிளிக் செத்துவிடும்.

அங்கே புதிய ஆபத்து ஒன்றும் வந்திருக்கிறது. 'சேமிக்கவா?' என்று கேட்பதற்காக ஆன்பேக்பிரஸ்டை ஓவர்ரைடு செய்திருக்கிறீர்களா? ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காக வைத்து பில்டு செய்த ஆப், அந்தப் பதிப்பு உள்ள போனில் ஓடும்போது, இயல்பாக அந்த மெத்தட் அழைக்கப்படுவதே இல்லை. கேள்வி வராது, எழுதியது போய்விடும். ஆன்பேக்பிரஸ்டு கால்பேக்குக்கு மாறிவிடுங்கள்.

இன்னொரு குழி, விர்ச்சுவல் ஈவென்ட். சி ஷார்ப்பில் ஈவென்ட்டையே விர்ச்சுவல் ஆக்கி, கீழ் கிளாஸில் சாதாரணமாக ஓவர்ரைடு செய்தால் ஹேண்ட்லர் பட்டியல் இரண்டாகிவிடும். கேட்பவர்கள் கீழ்ப் பட்டியலில் சேர்வார்கள். பேஸ் கிளாஸ் மேலே உள்ள காலிப் பட்டியலைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட்டே இதைச் செய்யாதீர்கள் என்று வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஈவென்ட்டை விட்டுவிட்டு, அதைக் கிளப்பும் 'ஆன்' மெத்தடை மட்டும் புரொடெக்டட் விர்ச்சுவல் ஆக்குங்கள்.

இன்றைக்கே புராஜெக்டைத் திறந்து ஓவர்ரைடு என்ற சொல்லைத் தேடுங்கள். 'ஆன்' என்று தொடங்கும் ஒவ்வொரு மெத்தடிலும் பேஸ் அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வேண்டுமென்றே விட்டிருந்தால், ஏன் விட்டீர்கள் என்று மேலே ஒரு கமென்ட் எழுதுங்கள். பிறகு ஃபார்மை மூடி, பேக்கப் ஃபோல்டரில் இன்றைய தேதியில் ஃபைல் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கடையை விட்டுக் கிளம்புங்கள்.