வைரம் பாய்ந்த கட்டையின் வேதியியல்

அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வெளிவட்டம் வெளிறியும் நடுப்பகுதி கருத்தும் தெரிவதற்குக் காரணம், மரம் பருக்கப் பருக்க உட்பகுதியிலுள்ள உயிர்ச்செல்கள் இறப்பதும், இறக்குமுன் தம்மிடம் சேர்ந்திருந்த மாவுப்பொருளைப் பீனால், குயினோன், பிசின் முதலிய சேர்மங்களாக மாற்றிவிடுவதும் ஆகும். பூஞ்சையையும் கரையானையும் தடுக்கும் இச்சேர்மங்கள் ஊறிய பகுதியையே தச்சர்கள் வைரம் என்றும் சேகு என்றும் அழைக்கின்றனர். உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பகுத்தது. புறத்தே வைரமுடைய பனையும் புல்லும் ஒருவிதையிலைத் தாவரங்களே என்பதால் இன்றைய தாவரவியலுக்கும் அப்பகுப்பு அந்நியமானதன்று.

கருங்காலியின் கருமை, ஈட்டியின் ஊதாச்சாயல், பலாவின் மஞ்சள் ஆகியவற்றை விரும்பிக் கடைசலுக்கு எடுப்பவர் எதிர்கொள்ளும் தொல்லைகளுள் பெரும்பாலானவை அதே சேர்மங்களிலிருந்தே எழுகின்றன. எண்ணெய்ப்பசை மிக்க ஈட்டி வகைகளில் பசை சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே ஒட்டுவதற்குச் சற்று முன் மேற்பரப்பை அசிட்டோனால் துடைப்பது வழக்கம். எண்ணெய் வார்னிஷ் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தே இறுகுகிறது என்பதால், அவ்வினையைத் தடுக்கும் பீனால்கள் நிறைந்த கட்டையில் பூசிய வார்னிஷ் பல நாள் பிசுபிசுத்தே கிடக்கும். முதலில் அரக்குப் பூச்சு ஒன்றைக் கொடுத்துத் தடுப்பு அமைப்பதே அதற்குரிய வழியாகும். ஈட்டித் தூசியிலுள்ள குயினோன்கள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. மரம் எதுவாயினும், அதன் தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியிருப்பதால், முகக்கவசத்தை விருப்பத்தின்பாற்பட்ட பொருளாகக் கருத இடமில்லை.

அதே பிசின் வரமாக அமைந்த இடமும் உண்டு. கரீபியப் பகுதியில் வளரும் லிக்னம் வைட்டே, கன மீட்டருக்கு 1,200 கிலோவைத் தாண்டும் எடையால் நீரில் மூழ்குவதோடு, தன் பிசினாலேயே வழுக்கும் தன்மையும் உடையதாதலால், கப்பல் சுழலித் தண்டைத் தாங்கும் உருளைக்கு அதைப் பயன்படுத்தும் முறைக்கு ஜான் பென் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1854-இல் காப்புரிமை பெற்றார்.

ஈரக்கட்டையைக் கடைபவருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. மரம் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து விளிம்பு நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல ஏறத்தாழ இரு மடங்காகும். அதனால் வட்டமாகக் கடைந்த கிண்ணம் உலர்ந்தபின் நீள்வட்டமாகிவிடும். இதை எதிர்பார்த்தே, விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு தடிமனை விட்டு முதலில் கரடாகக் கடைந்து, மாதக்கணக்கில் உலர்த்தி, மறுபடியும் கடைசல் எந்திரத்தில் ஏற்றுகின்றனர்.

கர்நாடகத்துச் சன்னபட்டணத்துப் பொம்மைக் கைவினைஞரோ நிறமற்றதும் நெருங்கிய இழையுடையதுமான வெட்பாலையைத் தேர்ந்தனர். சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெப்பத்தில் அது உருகிப் படிகிறது, பின்னர் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகின்றனர்.