பாதியில் நின்ற சுவர்... சியேனாவில் ஒரு நாள்!

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் தங்கிப் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு, வார இறுதி வந்தால் ஒரே பேச்சுதான்... இந்த வாரம் எந்த ஊர்? பீசாவின் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல போட்டோ எடுத்து முடித்தவர்கள் அடுத்துக் கிளம்புவது பெரும்பாலும் சியேனாவுக்கு. நாலு பேர் சேர்ந்து, பையில் தண்ணீர் பாட்டிலும் சாண்ட்விச்சும் போட்டுக்கொண்டு காலையில் பஸ் ஏறினால், சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். ரயிலும் உண்டு. ஆனால், ரயில் நிலையம் கீழே பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறி ஊருக்கு வர வேண்டும். பஸ் என்றால் பழைய ஊரை ஒட்டியே இறங்கிக்கொள்ளலாம்.

உள்ளே நடைதான். கார் நுழைய 1960-களிலேயே தடை போட்டுவிட்டார்கள். ஏறி இறங்கும் கல் பாவிய சந்துகளில், வீட்டுச் சுவர்களில் சின்னச் சின்ன விலங்குச் சின்னங்கள் தென்படும். கூகுள் மேப்பை மூடிவிட்டு இவற்றைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஊர் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி, தனி மியூசியம், குழந்தைக்குப் பேட்டையின் பெயரில் ஞானஸ்நானம் செய்ய ஒரு நீரூற்று! ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் நடக்கும் பாலியோ குதிரைப் பந்தயத்தில் மோதுவது இந்தப் பேட்டைகள்தான். மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வீரர் கீழே விழுந்துவிட்டாலும், குதிரை முதலில் வந்தால் வெற்றிதான். இதில் ஆமைப் பேட்டையும் நத்தைப் பேட்டையும் பரம வைரிகள் என்பதுதான் வேடிக்கை. ஓடுவதென்னவோ குதிரைகள்!

பந்தயம் நடக்கும் இடம் 'பியாட்சா டெல் காம்போ' சதுக்கம். சிப்பியை விரித்ததுபோல, ஒரு பக்கமாகச் சரியும் செங்கல் தரை. அதில் ஒன்பது பிரிவுகள். 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்ட ஒன்பது பேர் சபையின் நினைவு அது. சுற்றியிருக்கும் ஹோட்டல்களில் உட்கார்ந்தால் மாணவர் பர்ஸ் தாங்காது. சந்துக்கடையில் ஒரு துண்டு பீட்சா வாங்கிவந்து தரையில் சாய்ந்து சாப்பிடுவதுதான் இங்கே வழக்கம். உண்மையில், சதுக்கத்தின் அழகு தரையில் உட்கார்ந்தவருக்குத்தான் முழுசாகத் தெரியும்.

எதிரே நகர மன்றத்தை ஒட்டி நிற்பது மாஞ்சா கோபுரம். அதன் முதல் மணியடிப்பவர் சம்பாத்தியத்தையெல்லாம் தின்றே தீர்ப்பவராம். 'தின்னி' என்று ஊர் வைத்த பட்டப்பெயர் கோபுரத்துக்கே நிலைத்துவிட்டது. சுமார் 400 படிகள். ஏறினால் ஊரே காலடியில். ஆனாலும், ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசிருக்கிறது என்றால், கோபுரத்தை விட்டுவிட்டு கதீட்ரல் பக்கம் போவதே மேல். அங்கே இருக்கிறது, சியேனாவின் மிகப் பெரிய கதை.

கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பளிங்குக் கதீட்ரல் அது. அதன் பக்கத்தில் எதையும் தாங்காமல், பின்னால் கட்டடமே இல்லாமல், ஒரு ராட்சதச் சுவர் தனியாக நிற்கும். புதிதாக வருபவர்கள் ஏதோ இடிந்துபோன கோயில் என்றுதான் நினைப்பார்கள். அது இடிந்ததல்ல, முடியாதது.

1339-ல் சியேனா பணக்கார ஊர். 1260-ல் புளோரன்ஸையே போரில் தோற்கடித்த ஊர். கதீட்ரலிலும் புளோரன்ஸை மிஞ்ச வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஏற்கெனவே இருக்கும் இவ்வளவு பெரிய கதீட்ரலைக் குறுக்குக் கையாக வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய நடுக்கூடத்தைப் புதிதாகக் கட்டுவது திட்டம். தூண்கள் எழுந்தன. முகப்புச் சுவரும் எழுந்தது.

1348-ல் பிளேக் வந்தது.

ஊரில் அப்போது சுமார் 50,000 பேர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். சில மாதங்களுக்குள் பாதிப் பேரோ, அதற்கும் மேலோ இறந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அந்த நாள்களை எழுதிவைத்த அக்னோலோ டி தூரா என்ற சியேனாக்காரர், தன் ஐந்து பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்ததைப் பதிவு செய்திருக்கிறார். நகர மன்றத்துச் சுவரில் நல்லாட்சி, கொடுங்கோலாட்சி இரண்டின் விளைவையும் பத்தே ஆண்டுகளுக்கு முன் வரைந்து முடித்திருந்தார் ஓவியர் அம்ப்ரோஜோ லொரென்செட்டி. அவரும், அவருடைய அண்ணன் பியெத்ரோவும் அந்தப் பிளேக்கில்தான் இறந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

கொத்தனும் இல்லை, கூலி கொடுக்கக் காசும் இல்லை. போதாக்குறைக்கு கட்டுமானத்திலேயே கோளாறு என்பதும் தெரியவர, 1357-ல் ஆபத்தான பகுதிகளை இடித்துவிட்டு வேலையைக் கைவிட்டார்கள். சுவர் மட்டும் நின்றது. 1555-ல், ஓர் ஆண்டுக்கும் மேலான முற்றுகையில் பட்டினி கிடந்து சியேனா சரணடைந்தது. கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்தது அந்தப் புளோரன்ஸின் கைக்குத்தான்! அதன்பின் இடித்துக் கட்ட வசதியில்லை. இன்று மாணவர்கள் வியந்து போட்டோ எடுக்கும் பழைமையில் பெரும்பகுதி, அந்த வறுமை காப்பாற்றிக் கொடுத்தது.

கதீட்ரல் மியூசியத்துக்குள் இருக்கும் குறுகலான சுழல் படியில் அந்தச் சுவரின் உச்சிக்கே ஏறலாம். அதே மியூசியத்தில்தான் துச்சோ வரைந்த 'மயெஸ்தா' இருக்கிறது. 1311-ல் ஊரே ஊர்வலமாகத் தூக்கிவந்த மாதா ஓவியம் அது. மேலே நின்றால் ஒரு பக்கம் காம்போவும் கோபுரமும் தெரியும். மறுபக்கம் கீழே பார்த்தால், நடுக்கூடம் இருந்திருக்க வேண்டிய இடம் வெறும் திறந்தவெளி. அதில் மனிதர்கள் குறுக்கே நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். கதீட்ரல் தரையிலுள்ள 56 பளிங்குச் சித்திரங்களை ஆண்டில் சில மாதங்கள்தான் முழுதாகத் திறந்து காட்டுவார்கள். கிளம்பும் முன் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மாலையில் காம்போவில் உட்கார்ந்திருக்கும் இளசுகளில் பலர் உள்ளூர் மாணவர்கள். சியேனா பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1240. அந்த ஆண்டு ஊர் நிர்வாகம் ஒரு வரி போட்டது. மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள் கட்ட வேண்டிய வரி. வசூலான பணம், வாத்தியார்களின் சம்பளத்துக்குப் போனது.