வேகவதியின் ஜலம்

வேகவதியின் பிரவாகத்தைத் தடுக்கத் திருமாலே குறுக்கே சயனித்தார் என்பது காஞ்சி யதோக்தகாரி கோயிலின் ஸ்தல புராணம். இன்றோ சாக்கடையும் சாயக்கழிவுமே அந்நதியில் பாய்கின்றன.

2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் வேகவதி கரைபுரண்டபின், ஆக்கிரமிப்பை அகற்றும் முயற்சி மும்முரமாயிற்று. கரையோர ஏழைகளுக்கெனக் கீழ்க்கதிர்ப்பூரில் வீடுகள் எழுந்தன. நதிக்கு இடம் வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நிலத்தை அளந்தால் மட்டும் போதுமா? ஜலத்தையும் அளக்க வேண்டாமா? வெள்ளம் பரவும் நிலத்தில் ஊறுவதுதானே கிணற்றில் சுரக்கிறது!

ஸ்நானத்துக்குரிய ஜலத்தில் லிட்டருக்குப் பிராணவாயு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. அதிலுள்ள அசுத்தம் மக்குவதற்குக் கொள்ளும் பிராணவாயு 3 மில்லிகிராமுக்கு மிகலாகாது. இது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவு. வேகவதியின் அளவுகளை மாதந்தோறும் சோதித்து, மாநகராட்சி வாயிலில் தமிழில் ஒட்டுக.

பட்டுக்குச் சாயமேற்றும் தொழிலாளரை நாம் பழிக்கவில்லை. சிறு பட்டறை ஒவ்வொன்றும் தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைத்தல் இயலாது. அது பொதுச் செலவில் நடக்கவேண்டிய பொதுக் காரியம்.

வேகவதி திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. நகரின் அழுக்கு நகரோடு நிற்பதில்லை. ஏழைகளை அகற்றிய கரையில் பிறகும் சாக்கடையே ஓடுமாயின், அவர்கள் குடிபெயர்ந்தது எதற்காக? இதற்கு அதிகாரிகள் விடை கூறுவார்களா?