உப்பும் சர்க்கரையும் உயிரும்

சர்க்கரை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது காலைக் காப்பி; அடுத்தபடியாக நீரிழிவு. ஒன்று நாவுக்கு இன்பம். மற்றது தேகத்துக்குத் துன்பம். ஆனால் இதே சர்க்கரை, கொஞ்சம் உப்பையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, யமன் வாசல் வரையில் போனவர்களைக் கோடிக்கணக்கில் திருப்பி அழைத்து வந்திருக்கிறது. இந்த அற்புதக் கதையின் முக்கியமான அத்தியாயங்கள் நமது பாரத நாட்டிலேயே நிகழ்ந்தவை. ஆகையால் நேயர்கள் அவசியம் அதை அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் கிழங்கும் வயிற்றுக்குள் சென்று, கடைசியில் குளுகோஸ் என்னும் எளிய சர்க்கரையாகப் பிரிகின்றன. நமது மூளை இரவு பகலாக உழைப்பது பெரும்பாலும் இந்தக் குளுகோஸைக் கொண்டுதான். நாள் ஒன்றுக்கு அதற்கு மட்டும் சுமார் 120 கிராம் வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும், ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் முழுவதிலும் ஒரு சமயத்தில் கலந்திருக்கும் குளுகோஸ் ஏறக்குறைய 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுதான்! செலவாகச் செலவாக ஈரல் தன் சேமிப்பிலிருந்து கொடுத்துக்கொண்டேயிருக்கிறது. அந்தச் சேமிப்பை நிரப்புவதற்கு நாம் சாப்பிடுகிறோம்.

குடலில் இருக்கும் குளுகோஸ் ரத்தத்துக்குள் எப்படிப் புகுகிறது? அங்கேதான் இருக்கிறது விந்தை. குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களில் ஒரு விசித்திரமான வாசல் இருக்கிறது. குளுகோஸ் தனியாக வந்து தட்டினால் அந்த வாசல் திறப்பதில்லை. உப்பிலுள்ள ஸோடியமும் கூடவே வர வேண்டும். ஒரு குளுகோஸுக்கு இரண்டு ஸோடியம் என்பது கணக்கு. உயிரணுவின் மறுபக்கத்தில், ஏற்றம் இறைப்பது போல, ஸோடியத்தை ஓயாமல் ரத்தத்தின் பக்கம் இறைத்துக் கொட்டும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதனால் உயிரணுவுக்குள் ஸோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வது போல் குடலிலிருக்கும் ஸோடியம் உள்ளே பாய்கிறது. பாய்கிற வேகத்தில் குளுகோஸையும் இழுத்துக்கொண்டு போகிறது. உப்பும் சர்க்கரையும் போன இடத்துக்குத் தண்ணீரும் பின்தொடர்ந்து செல்கிறது. இந்த ஜோடிப் பயணத்தை 1960-ம் வருஷத்தில் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி பிராக் நகரில் நடந்த மகாநாட்டில் எடுத்துக் கூறினார்.

இனி வாந்திபேதிக்கு வருவோம். அந்த நோய்க் கிருமி குடலில் குடியேறி ஒருவித விஷத்தைக் கக்குகிறது. அப்படி ஒரு விஷம் உண்டென்பதை 1959-ல் நிரூபித்தவர் கல்கத்தா டாக்டர் சம்பு நாத் டே. விஷத்தின் காரணமாகத் தேகத்திலுள்ள நீரும் உப்பும் குடலுக்குள் வந்து கொட்டுகின்றன. நோய் உக்கிரமாயிருந்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரையில்கூடப் போய்விடும். கண் குழி விழுந்து, நாடி தளர்ந்து, சில மணி நேரத்தில் பிராணன் போகிறது. வெறும் தண்ணீரைக் குடித்தாலும், வெறும் உப்பு நீரைக் குடித்தாலும் தேகத்தில் தங்குவதில்லை. ஆனால் அந்தப் பொல்லாத விஷத்தாலும் ஒரு காரியம் மட்டும் முடியவில்லை: குளுகோஸும் ஸோடியமும் கைகோத்து நுழையும் வாசலை அதனால் அடைக்க முடியவில்லை! மற்ற வழிகள் பயன்படாத வேளையிலும் அந்த ஒரு வழி திறந்தே இருக்கிறது.

கல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி என்ற வைத்தியர் 1953-லேயே உப்பும் குளுகோஸும் கலந்த நீரைக் கொடுத்து நோயாளிகளைக் குணப்படுத்தினார். 1968-ல் டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்டு காஷ் என்ற இரு டாக்டர்கள் முறையாகச் சோதித்து இதன் பலனை நிலைநாட்டினார்கள். ஆயினும், தேர்ந்த டாக்டர்களின் மேற்பார்வையில்லாமல் இதைக் கொடுக்கலாமா என்ற தயக்கம் வைத்திய உலகில் இருந்து வந்தது.

அந்தத் தயக்கத்துக்கு 1971-ல் இடமில்லாமல் போயிற்று. கிழக்கு வங்காளத்தில் யுத்தம் மூண்டு, சுமார் ஒரு கோடி ஜனங்கள் நமது நாட்டில் தஞ்சம் புகுந்தார்கள். எல்லையை அடுத்த பன்காவ் என்னும் ஊரில் அகதிகளிடையே வாந்திபேதி பரவிற்று. அங்கே சென்றவர் டாக்டர் திலீப் மகாலனாபிஸ். ஆஸ்பத்திரியில் படுக்கைகள் சில, நோயாளிகளோ கணக்கற்றவர்கள். தரையெல்லாம் நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பு வழியாக ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துகொண்டிருந்தது. காத்திருந்தால் மரணம் நிச்சயம். டாக்டர் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் ஸோடா என்ற விகிதத்தில் கல்கத்தாவில் பொட்டலம் கட்டி வரவழைத்தார். அதை நீரில் கரைத்து நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்தார். தாய் குழந்தைக்குப் புகட்டினாள். தமையன் தம்பிக்குப் புகட்டினான்.

பலன் என்ன? அதற்கு முன் நூற்றுக்குச் சுமார் 30 பேர் மாண்டுகொண்டிருந்தார்கள். இந்த முறையில் சிகிச்சை பெற்ற சுமார் 3,700 பேரில் மாண்டவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. 1978-ல் லண்டன் 'லான்ஸெட்' பத்திரிகை இதை அந்த நூற்றாண்டின் தலைசிறந்த வைத்திய முன்னேற்றமாகவே கருதலாம் என்று பாராட்டியது. டாக்டர் மகாலனாபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டில் நமது சர்க்கார் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. மறைந்த பின்னர் வந்த மரியாதை. எனினும் உரியவருக்குத்தான் வந்தது.

இனி நம் வீட்டு விஷயம். குழந்தைக்கு வயிற்றுப் போக்குக் கண்டால், "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று சொல்லி நாக்கு வறளப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே உத்தமம். அது கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். அளவு முக்கியம். இனிப்பாக இருக்கட்டுமே என்று சர்க்கரையை அதிகமாய்ப் போட்டால், அது தேகத்திலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். உப்பை அதிகமாய்ப் போட்டால் குழந்தைக்கு அபாயம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து துவண்டாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் டாக்டரிடம் ஓட வேண்டும்.

நம் பாட்டிமார் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுத்ததையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம். கஞ்சியிலுள்ள மாவுச் சத்து குடலில் குளுகோஸாக மாறி, உப்பை அழைத்துக்கொண்டு அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. விஞ்ஞானிகளும் அரிசி மாவைக் கொண்டு செய்த கரைசலை வாந்திபேதிக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். வாசலின் ரகசியம் பாட்டிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் ஒரு குழந்தை நீர் வற்றி வாடும்படி நாம் விடலாமா?