கல்லும் கட்டியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும், தமிழகத்திலும் கேரளத்திலும், மதுவைத் தொட்டறியாத இளைஞரையும் பற்றும் ஒருவகைக் கணைய நோய் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. செரிமானச் சாற்றையும் இன்சுலினையும் சுரக்கும் கணையம் இரைப்பைக்குப் பின்னே முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் அழன்று, தழும்பேறிச் சுருங்குவதே நாள்பட்ட கணைய அழற்சி. கேரள மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் 1960களில் விரிவாகப் பதிவுசெய்த இந்த வெப்பமண்டல வகையில், சாறு ஓடும் நாளத்துக்குள் சுண்ணாம்புக் கற்கள் திரள்கின்றன. சாதாரண எக்ஸ்-ரேயிலேயே அவை முதுகெலும்பின் குறுக்கே, விளிம்பு தெளிந்த பெரிய வெண்பரல்களாகத் தெரியும். மரவள்ளிக் கிழங்கின் மேல் முதலில் பழி விழுந்தது. அதை உண்ணாதவரிடமும் நோய் காணப்பட்டதால் அக்கருத்து வலுவிழந்தது. பின்னர் ஸ்பிங்க்1 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது நோயாளர் பலரிடம் கண்டறியப்பட்டது.

இத்தகைய கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு திரட்சி தோன்றும்போதுதான், அது அழற்சியின் வீக்கமா புற்றுநோயா என்ற கடினமான கேள்வி எழுகிறது. முதுகுக்குப் பாயும் வயிற்றுவலி, உடல் மெலிவு, மஞ்சள் காமாலை, சர்க்கரை நோய் ஆகிய எல்லாமே இரண்டிலும் வரக்கூடியவை. குழப்பத்தின் வேர் திசுவிலேயே இருக்கிறது. கணையப் புற்று தன்னைச் சுற்றி அடர்ந்த நார்த்திசுவை வளர்ப்பதால், கட்டியின் பெரும்பகுதி தழும்பாகவும், புற்றணுக்கள் அதனூடே சிதறிய சிறு கூட்டங்களாகவும் அமைகின்றன. ஊசி தழும்பில் மட்டும் பதிந்தால் அழற்சி என்றே அறிக்கை வரும். ஆகவே, புற்றணு கிடைக்கவில்லை என்பதைப் புற்று இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது பெரும்பிழை.

ஸ்கேன் படத்தில் கணைய நாளம் திரட்சியை ஊடுருவிச் செல்வது அழற்சியையும், திடீரென அறுபட்டதுபோல் நிற்பது புற்றையும் சுட்டுகின்றன. எனினும் இவை குறிப்புகளே, தீர்ப்புகள் அல்ல. சிஏ 19-9 என்னும் இரத்தச் சோதனையின் அளவோ காமாலையாலேயே உயரக்கூடும். அப்பொருளை உடலில் உண்டாக்கவே இயலாதோரும் உண்டு. தன்னுடல் எதிர்ப்பால் வரும் அழற்சி, கட்டியைப் போலவே தோன்றி ஸ்டீராய்டு மருந்தில் கரைந்துவிடுகிறது.

அழற்சியே புற்றுக்கு நிலமாகவும் அமைவது இச்சிக்கலை ஆழமாக்குகிறது. சென்னையில் வெப்பமண்டலக் கணைய அழற்சியுள்ள 185 பேரைத் தொடர்ந்து கவனித்து 1994இல் வெளியான ஆய்வு, அவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பைப் பிறரைவிட ஏறத்தாழ 100 மடங்கு என மதிப்பிட்டது. எனவே, பல ஆண்டுகளாகக் கல்லோடு வாழ்பவருக்கு, அடங்கியிருந்த வலி மீண்டும் எழுந்து உடல் மெலியத் தொடங்கினால், அதைப் பழைய நோயின் கணக்கில் எழுதிவிடாமல் எண்டோஸ்கோப் நுனியில் பொருத்திய அல்ட்ராசவுண்டு கொண்டு இரைப்பைச் சுவர் வழியே மிக அருகிலிருந்து பார்க்க வேண்டியுள்ளது. அப்போதும் கற்கள் ஒவ்வொன்றும் தனக்குப் பின்னே ஒரு கருநிழலை விழச்செய்வதால், அந்நிழலில் மறையும் இடங்களை மருத்துவர் கோணம் மாற்றி மாற்றித் தேடுகிறார்.