குமாவுன் மலையில் ஒரு பிடி விதை

நம் சங்கத்துக் குடும்பங்களுள் நைனிதாலுக்கும் மசூரிக்கும் சென்று வராதவர்கள் சிலரே இருப்பர். கோடை விடுமுறையில் ஏரியில் படகு விட்டு, குளிர்ந்த காற்றை அநுபவித்து, கம்பளிச் சால்வை ஒன்று வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். நாங்களும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்து வந்தோம். 2024ஆம் ஆண்டில், தீபாவளி கழிந்த வாரத்தில், கூட்டம் குறைந்த வேளை பார்த்து அல்மோராவுக்கு அப்பால் சென்று வருவதென்று முடிவு செய்தோம். ஆடவரும் பெண்டிருமாக நாங்கள் ஆறு பேர். எங்களுள் ஒருவர் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். இக்கட்டுரையில் அறிவு சார்ந்த செய்தி ஏதேனும் இருப்பின் அது அவர் தந்தது; பிழை இருப்பின் அது எங்களுடையது.

பழைய தில்லியில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் காட்கோதாம் வந்துவிடுகிறது. சமவெளி அங்கே முடிந்து, மலை சட்டென்று எழுந்து நிற்கின்றது. அங்கிருந்து அமர்த்திய வண்டி பவாலி, கைஞ்சி, கைர்னா என்று வளைந்து வளைந்து சென்று, கோசி ஆற்றங்கரையைப் பிடித்து, மதியத்திற்குள் அல்மோராவை அடைந்தது. எங்கள் வண்டியோட்டி நல்ல இளைஞர். எங்களுள் மூத்தவரை முதல் மணி நேரத்திலேயே ‘தாஜ்யூ’ என்று அழைக்கலானார். குமாவுனியில் அது அண்ணன் என்பதாம்.

அல்மோராவிலிருந்து ஜாகேஸ்வர் நோக்கிச் செல்லும் வழியில்தான் அச்செடியை முதன்முதலாகக் கண்டோம். சாலையோரத்திலும், இடிந்த வீடுகளின் முற்றத்திலும், மாட்டுத் தொழுவங்களின் பின்புறத்திலும் ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்து நின்றது. விரல் விரலாகப் பிரிந்து, ஓரத்தில் அரம்போன்ற பற்கள் கொண்ட இலை. எங்களுள் இளையவர் ஒருவர் உரக்கச் சிரித்து, “கஞ்சாத் தோட்டத்திற்கே வந்துவிட்டோம்!” என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகப் பின்னர் நாணும்படி ஆயிற்று.

ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “இதற்குத் தமிழில் நாம் நல்ல பெயர் வைக்கவில்லை, அதுதான் தொல்லை” என்றார். அவர் கூறியது உண்மை. ஆங்கிலத்தில் ‘ஹெம்ப்’ என்பதைப் பத்திரிகைகள் சணல் என்று எழுதிவிடுகின்றன. நம் நாட்டுச் சணலோ முற்றிலும் வேறு செடி. மஞ்சள் நிறத்தில் அவரையினப் பூப் பூப்பது. கோணி நெய்யும் சணலும் வேறு. புளிச்சை நாரும் வேறு. இந்த மலைச்செடியோ, நாம் கஞ்சா என்றும் வடநாட்டார் பாங் என்றும் சொல்லும் அதுவேதான். ஆனால் அதன் பூவும் பிசினும் மட்டுமே நம் காதுக்கு எட்டியிருக்கின்றன; நாரும் விதையும் எட்டவில்லை.

வடமொழியில் இதன் பெயர் பங்கா. பாணினி தம் இலக்கண நூலில், எள், உளுந்து, ஆளி ஆகியவை விளையும் நிலங்களுக்குப் பெயர் அமையும் விதத்தைக் கூறுமிடத்து, அவற்றோடு பங்கா விளையும் நிலத்தையும் சேர்த்தே விதி செய்கிறார். எள்ளுக்கும் உளுந்துக்கும் நடுவே ஒரு பயிராக, உழுது விதைத்து அறுக்கும் வெள்ளாமையாக அது அன்று எண்ணப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மேனாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் 1753இல் இவ்வினத்துக்குப் பெயரிட்டார். 1785இல் லாமார்க் என்னும் பிரெஞ்சுக்காரர், இந்தியாவிலிருந்து சென்ற மாதிரிகளைப் பார்த்து, இது வேறு இனம் என்று கருதி இந்தியாவின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒரே இனமா, இரண்டா என்ற வழக்கு அறிஞரிடையே இன்னும் ஓயவில்லை.

சாலையை விட்டு இறங்கி, படிப்படியாக வெட்டிய வயல்களின் வழியே அரை மணி நேரம் நடந்தால் எங்கள் வண்டியோட்டியின் உறவினர் ஊர். இருபது வீடுகள் இருக்கும். ஏழெட்டில்தான் புகை எழுந்தது. மற்றவற்றின் கதவில் பூட்டு. சிலவற்றிற்குக் கூரையே இல்லை. உத்தராகண்ட அரசு 2017இல் அமைத்த இடப்பெயர்வு ஆணையம் மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், 2011க்குப் பின் 734 கிராமங்கள் முற்றிலும் ஆளற்றுப் போயின என்று கூறியிருக்கிறது. தஞ்சையிலும் நெல்லையிலும் பூட்டிய வீடுகளை விட்டு வந்த நமக்கு அக்காட்சி புதிதன்று.

அவ்வீட்டு மூதாட்டியை ஊரார் ‘ஆமா’ என்று அழைத்தனர். பாட்டி என்று பொருள். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். வாசலில் வெயிலில் அமர்ந்து, அறுத்துக் காயவைத்த கதிர்களைக் கோலால் அடித்துக் கொண்டிருந்தார். பழுப்பு நிறத்தில், மிளகினும் சிறியனவாய் உருண்டையான விதைகள் பாயில் உதிர்ந்தன. அருகில் இருந்த பாத்தியில் இன்னும் அறுக்காத செடிகள் நின்றன. எங்கள் இளையவர் தம் கைப்பேசியை எடுத்து, அச்செடிகளுக்கு நடுவே தலை தெரியும்படி நின்று படமெடுக்கத் தொடங்கினார்.

பாட்டியின் கை நின்றது. முகம் மாறிற்று. வண்டியோட்டியிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் தயங்கித் தயங்கி இந்தியில் எங்களுக்கு விளக்கினார். சில ஆண்டுகளுக்கு முன் வழிப்போக்கர் எவரோ இவ்வாறே படமெடுத்துச் சென்றனராம். அது எங்கெங்கோ பரவி, பின்னர் அதிகாரிகள் வந்து விசாரித்து, அந்தப் பாத்தி முழுவதையும் விதை முற்றுமுன்பே வெட்டி எரித்து விட்டனராம். மறு ஆண்டு விதைக்க ஒரு பிடியும் இல்லை. பாட்டி மூன்று மலை தாண்டித் தம் பிறந்தகத்துக்கு நடந்து சென்று, அண்ணன் வீட்டிலிருந்து கால்படி விதை முடிந்து கொண்டு வந்தாராம். இளையவர் அங்கேயே படங்களை அழித்து, அழித்ததைப் பாட்டியிடம் காட்டவும் செய்தார். “போகட்டும், பேட்டா” என்று சொல்லி அவர் மீண்டும் கோலை எடுத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாசகர்கள் அறிய விரும்புவர். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், இச்செடியின் பூங்கதிரைக் கஞ்சா என்றும், பிசினைச் சரஸ் என்றும் வகுத்து இரண்டையும் தடை செய்கிறது. பூங்கதிரோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. ஹோலிப் பண்டிகையில் வடநாட்டார் பாங் அருந்துவது இந்த இடைவெளியில்தான். ஆயினும் செடியை அனுமதியின்றிப் பயிரிடுவது குற்றம். விதையை உண்ணலாம், விதை தரும் செடியை வளர்த்தலாகாது! நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதி அளிக்கலாம் என்று அதே சட்டத்தில் இடமுண்டு. 1961இல் நிறைவேறிய உலக உடன்படிக்கையும் நாருக்கும் விதைக்கும் விலக்கு அளித்தே இருக்கிறது. அதற்கும் முன்பு, ஆங்கிலேய அரசு 1893இல் அமைத்த ஆணைக்குழு நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முற்றத் தடை செய்வது வேண்டாம் என்றே முடிவு கூறிற்று.

பகலுணவு அங்கேயே ஆயிற்று. நாங்கள் எவ்வளவோ மறுத்தும் பாட்டி கேட்கவில்லை. ஒரு கைப்பிடி விதையை இரும்புச் சட்டியில் இட்டு, படபடவென்று வெடிக்கும் வரை வறுத்தார். எழுந்த மணம் எள் வறுக்கும் மணத்துக்குத் தங்கை முறை. பின்பு நம் அம்மி போன்ற கல்லில் பச்சை மிளகாய், கொத்துமல்லித் தழை, உப்புச் சேர்த்து அரைத்து, நாரத்தை போன்ற பெரிய மலை எலுமிச்சையைப் பிழிந்தார். எங்களுடன் வந்த அம்மையார் ஒருவர் விரலில் தொட்டு நாவில் வைத்து, “இது நம் எள்ளுத் துவையலேதான், எண்ணெய்தான் ஊற்றவில்லை” என்று தீர்ப்புக் கூறினார். மற்றொரு பங்கு விதையை நீர் விட்டு அரைத்து வடிகட்டிய பாலில் சேப்பங்கிழங்கு வெந்தது. தேங்காய் விளையாத மலையில் தேங்காய்ப்பாலின் வேலையை இவ்விதை செய்கிறது. விதையில் மயக்கம் சிறிதும் இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயும் நாலில் ஒரு பங்கு புரதமும் உண்டு என்று ஆசிரியர் சொன்னார். இதனை உணவென்று 2021 நவம்பரில் நம் நாட்டு உணவுத்தர ஆணையமே அறிவித்தாயிற்று. அல்மோராக் கடைகளில் பங்ஜீரா என்று ஒன்று விற்பார்கள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், அது வேறு செடி.

நாரைப் பற்றிப் பாட்டி சொன்னது இன்னும் சுவையானது. இச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்செடி பூந்தாதை உதிர்த்ததும் வாடிவிடும். அதனை முன்பே பிடுங்கினால் மெல்லிய நார் கிடைக்கும். பெண்செடி விதை முற்றும் வரை நிற்கும். நாருக்கு வேண்டுமெனில் நெருக்கி விதைக்க வேண்டும். கிளைக்க இடமின்றித் தண்டு நேராக உயரும். விதைக்கு வேண்டுமெனில் கலக்க விட வேண்டும். தண்டுகளை ஓடை நீரில் பல நாள் ஊறவைத்து, உலர்த்தி, கையால் உரித்து, அடித்து, நூற்பார்கள். ஊறும் நாட்களில் நாற்றம் தாங்காதாம். மாட்டுக் கயிறு, புல்லுக்கட்டுக் கயிறு, தானியச் சாக்கு யாவும் அந்நாரில்தான். பங்கேலா என்ற முரட்டுத் துணியும் நெய்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமாவுன் நாரைக் கொள்முதல் செய்திருக்கின்றனர். கப்பற் கயிற்றுக்கு அந்நார் அவர்களுக்கு அத்தனை தேவையாயிருந்தது. பாட்டியின் மாமியார் நெய்த சாக்கு ஒன்று இன்னும் பரணில் இருந்தது. இழுத்துப் பார்த்தோம், எங்கள் கை வலித்ததே அன்றி அது அசையவில்லை.

மேற்கே இமாசலத்துக் குல்லுப் பகுதியில் இந்நாரைக் கொண்டு ‘பூலா’ என்னும் காலணி பின்னுகிறார்கள். தோல் படாத காலணியாதலால் கோயிலுக்குள்ளும் அணிந்து செல்வர். அப்பக்கத்து மலாணா என்ற ஊர் மட்டும் உலகெங்கும் வேறொரு காரணத்தால் பெயர் பெற்றுவிட்டது. ஜம்லு தேவதையின் ஆட்சிக்குட்பட்டு, கனாஷி என்ற தனிமொழி பேசி, வெளியாரைத் தொடவும் விடாமல் வாழ்ந்த அவ்வூருக்குச் சரஸ் தேடி வெளிநாட்டார் சென்றனர். பணமும் வந்தது; வழக்கும் சிறையும் வந்தன. நாங்கள் அங்குச் சென்றதில்லை. சென்று வேடிக்கை பார்க்கவும் மனமில்லை.

உத்தராகண்டம், நார்ப் பயிருக்கு அனுமதி தந்த முதல் மாநிலம் என்று பெயர் பெற்றது. 2018இல் முதல் உரிமம் வழங்கப்பட்டது. இமாசலச் சட்டமன்றமும் எங்கள் பயணத்திற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 செப்டம்பரில், மருந்துக்கும் தொழிலுக்கும் பயிரிடலாம் என்ற தீர்மானத்தை ஏற்றது. இவை நல்ல செய்திகளே. குரங்கும் காட்டுப்பன்றியும் கோதுமையை அழிக்கின்றன, இச்செடியைத் தொடுவதில்லை என்று அவ்வூரில் எல்லோரும் சொன்னார்கள். தரிசான வயல்களுக்கு வேறு பயிர் ஏது?

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. உரிமம் பெற்றுப் பயிரிடும் செடியில் மயக்கப் பொருள் 0.3 விழுக்காட்டிற்கு மிகலாகாது. மலையில் வழிவழியாக வரும் நாட்டு விதையோ ஒரே தன்மையதன்று. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறுபடும். அந்த அளவைத் தாண்டுவதும் உண்டு. காற்றில் பூந்தாது பரவும் செடியாதலால், நல்லதென்று தேர்ந்து விதைத்தாலும் சாலையோரத்துக் காட்டுச்செடியின் தாது வந்து கலந்துவிடும். எனவே உரிமம் பெறுவோர் அளந்து உறுதி செய்த விதையைத் தேடிச் செல்கின்றனர். பாட்டியின் பிறந்தகத்து விதைக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. நாட்டு விதைகளைத் திரட்டி, அவற்றுள்ளேயே மயக்கம் குறைந்தவற்றைத் தேர்ந்து பெருக்குவதே முறை என்பது எங்கள் ஆசிரியரின் கருத்து. எங்கள் கருத்தும் அதுவே. அதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். அதற்குள் விதைப்பானைகள் எத்தனை காலியாகுமோ?

“வெளியிலிருந்து வரும் விதையில் சட்னி இப்படி இருக்குமா?” என்று பாட்டி ஆசிரியரைக் கேட்டார். நாற்பது ஆண்டுகள் வகுப்பில் எந்தக் கேள்விக்கும் விடை சொன்ன மனிதர், “தெரியாது, ஆமா” என்றார்.

புறப்படும்போது பாட்டி ஒரு சிறு துணிப்பொட்டலம் கொடுத்தார். அவர் மகன் தில்லியில் ஓர் உணவுச்சாலையில் வேலை பார்க்கிறாராம். அவரிடம் சேர்க்க வேண்டுமாம். ஆசிரியர் வாசலிலேயே அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, விதையோடு ஒட்டியிருந்த பூவிதழும் சருகும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிந்தார். பிசின் இருப்பது அந்த இதழ்களில்தான். அரைமணி நேரம் ஆயிற்று. பாட்டி அதனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எங்கள் மாமியாருக்கும் இப்படித்தான் பொறுக்க வேண்டும்” என்றார். மாமியாருக்குப் பல்லில் கல் படக்கூடாதாம்.

தில்லி திரும்பிய மறுநாள் மாலை, அவ்வுணவுச்சாலையின் பின்வாசலில் மகனைக் கண்டோம். முப்பது வயதிருக்கும். பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, உடனே சட்டைக்குள் வைத்துக்கொண்டார். உடன் தங்கியிருப்போர் கண்டால் பரிகாசம் செய்கிறார்களாம். ஆதலால் அறையில் எவரும் இல்லாத வேளையில்தான் வறுப்பாராம். எங்கள் இளையவர் தலையைக் குனிந்து கொண்டார்.

“வீட்டுக்குப் பின்னால் இந்த ஆண்டும் விதைத்திருந்தாளா?” என்று கேட்டார் மகன்.

விதைத்திருந்தார் என்றோம்.

“எவ்வளவு உயரம்?”

அளந்து பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஆசிரியர்தான் கையை உயர்த்தி, தம் தலைக்கு மேல் ஒரு முழம் காட்டினார்.