சருகை எரிக்குமுன் சற்று யோசிப்போம்

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, நீண்ட காலத்தின் பின்னரே தம் காணிகளைக் கண்டன. இன்னும் காத்திருப்போரும் உளர். திரும்பியவர்களை எதிர்கொண்டவை பற்றைகளும், அவற்றின் கீழ் நிறைந்துகிடந்த சருகுமே. கண்ணிவெடி இல்லையென உறுதிசெய்யப்பட்ட பின் துப்புரவாக்க இறங்குகிறோம். நம் கை முதலில் தேடுவது தீப்பெட்டியைத்தான்.

உலர்ந்த சருகின் நிறையில் ஏறக்குறையப் பாதி காபன். அது மண்ணிலிருந்து வந்ததல்ல, காற்றிலிருந்து வந்தது. 10,000 லீற்றர் காற்றில் காபனீரொட்சைட்டு 4 லீற்றர் அளவே உண்டு. அதனை இலை உள்ளெடுத்து, சூரிய ஒளியின் துணையுடன் மாப்பொருளாகவும் மரமாகவும் ஆக்குகிறது. இலை விழுந்ததும் கறையானும் மண்புழுவும் நுண்ணங்கிகளும் அதைத் தின்று, பெரும்பகுதியைக் காற்றுக்கே திருப்பிவிடுகின்றன. எஞ்சுவது உக்கலாக மண்ணில் தங்குகிறது. உலகின் மண்ணில் உள்ள காபன், வளிமண்டலத்தில் உள்ளதிலும் அதிகம்.

நம் காலடிக் கல்லிலும் காபன் உண்டு. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் பண்டைக் கடலுயிர்களின் ஓடுகளால் ஆனது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவில் 12 கிலோ காபன். மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகி, அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கிணற்றுநீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலில் வெள்ளையாகப் படிவது அதுவே.

கல்லின் காபன் காற்றுக்குத் திரும்பப் பல இலட்சம் ஆண்டுகள் செல்லலாம். சருகின் காபனைத் தீ ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடும். சாம்பலில் பொட்டாசியம் மிஞ்சும். காபனும் நைதரசனின் பெரும்பகுதியும் போய்விடும். உக்கல் குறைந்த மண் நீரைப் பிடித்துவைக்காது. இறைக்கும் நீர் வீணாகும், எண்ணெய்ச் செலவு கூடும்.

நம் முன்னோர் தோட்டத்தில் பூவரசங்குழை தாழ்த்தினார்கள். வெப்பமான நம் நாட்டில் உக்கல் விரைவில் அழியும் என்பதால் ஒவ்வொரு போகமும் தாழ்த்தினார்கள். நாமும் அதைச் செய்யலாம். பற்றையின் தடித்த கொம்புகளை விறகாக்குவோம். இலையையும் சருகையும் மண்ணுக்கே கொடுப்போம்.

இரவல் காணியில் இருப்போர், “பிறர் நிலத்துக்கு ஏன் உழைக்க வேண்டும்?” எனக் கேட்பது நியாயமே. அவர்கள் ஒரு குழி வெட்டி, சருகும் சாணமும் மாறிமாறி இட்டு, ஈரம் காயாமல் மூடிவைக்கட்டும். உக்கிய பசளையைச் சாக்கில் கட்டலாம். ஊருக்குப் போகும் நாளில் அதுவும் நம்முடன் வரும்.